அடுப்பும் விளக்கும்: இராமலிங்க அடிகள் விட்டுச்சென்றவை

தாம் மறைந்த பின்னர் எது எஞ்சி நிற்கவேண்டும் என்று எண்ணிப் பாராத கவிஞர் அரியர். பாட்டு நிற்கவேண்டும், பாட்டோடு பெயரும் நிற்கவேண்டும் என்பதே பெரும்பாலோர் விருப்பம். அவ்விருப்பத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் கெடிலத்திற்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இந்த மண்ணில் பிறந்து, 5818 பாக்களைத் தமிழுக்கு விட்டுச்சென்ற ஒருவர், தம் பெயர் விளங்குவதை விரும்பவில்லை. தம் பாட்டையே தம் முடிவான சொல்லாகக் கொள்ளவும் இசையவில்லை. பின்வருவோர்க்கென அவர் தேர்ந்தெடுத்தவை ஓர் அடுப்பும் ஒரு விளக்கும் ஆகும். சிதம்பரம் இராமலிங்கம் என்று கையொப்பமிட்டு வந்த அவரை உலகம் இன்று வள்ளலார் என்று அறியும். அவருடைய வாழ்வை இந்நோக்கில் பார்க்கும்போது, எண்ணியவாறு நின்றவை எவை, எண்ணத்திற்கு மாறாக நின்றவை எவை என்பன புலனாகின்றன.

பிறப்பும் வளர்ப்பும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை அவ்வூரில் கணக்கு எழுதியும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் வாழ்ந்தவர். தாயார் சின்னம்மையார். ஐந்து மக்களுள் இவரே இளையவர். குழந்தைக்கு ஓராண்டு நிரம்புமுன்னரே தந்தையார் காலமானார். தாயார் மக்களுடன் பொன்னேரியை அடுத்த சின்னகாவணத்திற்குச் சென்று, பின்னர்ச் சென்னை வந்து சேர்ந்தார். மூத்தவர் சபாபதி பிள்ளை புராண விரிவுரை செய்து குடும்பத்தைத் தாங்கினார். ஏழுகிணறுப் பகுதியின் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருந்த சிறு வீடே இராமலிங்கரின் இளமைக் களம்.

பள்ளிப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. கந்தகோட்டத்து முருகனும் திருவொற்றியூர்த் தியாகேசரும் அவரை ஈர்த்தனர். அண்ணனுக்கு உடல் நலங்குன்றிய ஒரு நாளில் அவருக்குப் பதிலாகச் சென்று புராணம் விரித்துரைத்த சிறுவனைக் கண்டு அவை வியந்தது என்பது அவர் வரலாற்றில் தவறாது சொல்லப்படும் செய்தி. பாடுதல் அவருக்கு மூச்சுப்போல் இயல்பாயிற்று. பாடியவற்றைத் தொகுத்துப் பேணவேண்டும் என்னும் கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அன்பர்கள் கையில் கிடைத்த ஏடுகளும் தாள்களும் அங்கங்கே தங்கின.

அவரைப் புலமையற்ற பக்தர் என்று கருதிவிடலாகாது. ஒழிவிலொடுக்கம் 1851ஆம் ஆண்டிலும், தொண்டமண்டல சதகம் 1855ஆம் ஆண்டிலும், சின்மய தீபிகை 1857ஆம் ஆண்டிலும் அவரால் பதிப்பிக்கப்பெற்றன. 1854ஆம் ஆண்டில் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் அவர் கைப்பட எழுதப்பெற்று வெளிவந்தது. அச்சு என்னும் கருவியின் ஆற்றலை அவர் நன்கு அறிந்திருந்தார். பிறர் நூல்களை அச்சேற்றிய அவர் தம் பாடல்களை அச்சேற்ற முனையாமை அறியாமையால் விளைந்ததன்று. தெளிந்து செய்த முடிவே எனலாம்.

1850ஆம் ஆண்டில் தமக்கை உண்ணாமுலையின் மகள் தனகோட்டியை மணந்தார். உற்றார் வற்புறுத்தலால் நிகழ்ந்த அம்மணம் இல்லறமாக மலரவில்லை. மகப்பேறு இல்லை. குலத்தின் வழியே பெயர் நிலைக்கும் என்று உலகம் நம்பும் வழி அவரளவில் அப்பொழுதே அடைபட்டது.

பெயரை மறுத்த கடிதம்

1858ஆம் ஆண்டில் இராமலிங்கர் சென்னையை விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டுச் சிதம்பரம் வந்தார். பின்னர் வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் 1867ஆம் ஆண்டு வரை தங்கினார். அவ்வீட்டில் இரவெல்லாம் விளக்கடியில் அமர்ந்து எழுதுவது அவர் வழக்கம். எண்ணெய்க்கு மாற்றாக நீரில் விளக்கெரிந்த நிகழ்ச்சி இவ்வூர் மக்கள் இன்றும் போற்றும் மரபு.

இக்காலத்தில் சென்னையில் இருந்த இறுக்கம் இரத்தின முதலியார், அடிகளின் பாடல்களை எவ்வாறேனும் அச்சில் காணவேண்டும் என்று முயன்றார். கேட்டுக் கேட்டுச் சலித்த பின்னர், பாடல்கள் கைக்கு வரும் வரையில் நாளைக்கு ஒருவேளை மட்டுமே உண்பதென்று நோன்பு மேற்கொண்டார். 1860ஆம் ஆண்டின் இறுதியில் இச்செய்தி கருங்குழியை எட்டியது. பிறர் பசி பொறாத நெஞ்சம் அதைக் கேட்டு நடுங்கியது. பாடல்களை அனுப்புவதாக உடன்பட்டு, நோன்பை விடும்படி அடிகள் கடிதம் எழுதினார். புலவர்கள் தம் நூல் வெளிவர நோன்பிருப்பது உண்டு. இங்கே பதிப்பிக்க விழைந்தவர் பட்டினி கிடந்தார். பாடியவர் அந்தப் பட்டினியைப் போக்கவே பாட்டைக் கொடுத்தார். திருவருட்பா உலகுக்குக் கிடைத்ததற்கும் ஒரு வகையில் பசியே காரணமாயிற்று.

நூல் அச்சேறும் தறுவாயில் மற்றொரு கடிதம் வந்தது. தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவது தமக்கு உடன்பாடன்று என்றும், அப்பெயர் ஆரவாரத்திற்கு இடம் தருவதாகத் தோன்றுகிறது என்றும், அவ்வாறு அச்சிடுதல் வேண்டா என்றும் அடிகள் அதில் அறிவுறுத்தினார். பதிப்பாளர்கள் சாமி என்னும் சொல்லை விட்டனர். ஆயின் முதன்மை மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் புதிய சிறப்புப் பெயரைச் சூட்டினார். நூலுக்குத் திருவருட்பா என்று பெயரிட்டதும், பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்ததும் அவரே. முதல் நான்கு திருமுறைகள் 1867ஆம் ஆண்டில் வெளிவந்தன. அடிகள் விலக்க விரும்பிய ஆரவாரம் அன்பின் வழியாகவே உள்ளே நுழைந்தது.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. திருமுறை, அருட்பா என்னும் பெயர்கள் தேவார திருவாசகங்களுக்கே உரியவை என்று கருதியோர் கண்டனம் தெரிவித்தனர். அவர்களுள் முதல்வர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1869ஆம் ஆண்டில் பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. நாவலரைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. 1822ஆம் ஆண்டில் பிறந்த அவரும், 1823ஆம் ஆண்டில் பிறந்த இவரும் ஒரே தலைமுறையினர். மறைந்த பின் எது நிற்கவேண்டும் என்பதை நாவலரும் ஆழ எண்ணியவரே. சிதம்பரத்தில் 1864ஆம் ஆண்டில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், பிழையறப் பதிப்பித்த நூல்களும் அவ்வெண்ணத்தின் பயன்கள். ஒருவர் மரபைக் காக்கக் கல்விச்சாலை கண்டார். மற்றவர் பசியைத் தீர்க்கத் தருமச்சாலை கண்டார். இருவரும் ஒரே வட்டாரத்தில் மூன்றாண்டு இடைவெளியில் இவற்றைச் செய்தனர். அவர்களை எதிரெதிரே நிறுத்திய பூசலோ பெரும்பகுதியும் பாடியவர் இடாத பெயர்களைப் பற்றியதாக இருந்தது.

அணையாத அடுப்பு

திருவருட்பா வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டில், மே 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்கென வடலூர்ப் பார்வதிபுரத்து மக்கள் நாற்பதின்மர் எண்பது காணி நிலத்தை அளித்தனர். அரசரோ சமீன்தாரோ அளித்த மானியமன்று அது. உழுது வாழ்ந்த குடியானவர்கள் கூடித் தந்த நிலம். சாதி, சமயம், ஊர், மொழி எதுவும் கேளாமல் பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறிடுவதே சாலையின் ஒரே விதி. 21 அடி நீளமுள்ள அடுப்பில் அன்று அடிகள் ஏற்றிய நெருப்பு அணையாமல் இன்றும் காக்கப்பட்டு வருகிறது.

சாலைத் தொடக்க விழாவில் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் அவருடைய உரைநடை நூலின் பகுதி படிக்கப்பெற்றது. பசி என்பதை வெறும் வயிற்றுக் குறையாக அந்நூல் காணவில்லை. பசி மூண்டபோது கண் ஒளி மங்குவதும், அறிவு தடுமாறுவதும், மானம் அழிவதும், தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் மறப்பதும் அதில் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படுகின்றன. பசித்தவருக்கு உணவிடுதலே கடவுள் வழிபாட்டின் திறவுகோல் என்பது அதன் கருத்து. அந்நூல் நிறைவெய்தவில்லை, அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. எழுத்து முற்றுப்பெறாமல் நிற்க, அது வலியுறுத்திய செயல் முந்திக்கொண்டது.

சாலை தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1876ஆம் ஆண்டில், தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிற்று. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அரசினர் கஞ்சித்தொட்டி திறப்பதைப் பற்றி எண்ணத் தொடங்குமுன்னரே ஒரு சிற்றூரில் நிலையானதோர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விளக்கும் விதிகளும்

1870ஆம் ஆண்டில் அடிகள் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்று தாம் பெயரிட்ட சிற்றில்லத்திற்குச் சென்று தங்கினார். வடலூரில் எண்கோண வடிவில் எழுப்பப்பெற்ற சத்திய ஞானசபை 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. அங்கே உருவம் இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளி ஒன்றே உண்டு. அவ்வாண்டிலேயே 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலும் பாடப்பெற்றது.

சபை திறந்த ஆறு மாதங்களில், 1872ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள், வழிபாட்டு விதிகளை அடிகள் எழுத்தில் வெளியிட்டார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவரும் எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட முதியவரும் மட்டுமே உள்ளே சென்று தூய்மை செய்து விளக்கு வைத்தல் வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கு வேண்டா. தகரக் கண்ணாடி விளக்கே போதும். தம் பெயரைப் பற்றி விதி செய்யாத ஒருவர், விளக்கின் தகரத்தைப் பற்றி விதி செய்தார். எளிய பொருளையும், ஆசை தொடங்காத பருவத்தினரையும், ஆசை ஓய்ந்த பருவத்தினரையும் அவர் தேர்ந்துகொண்டமை, வழிபாட்டிடம் எவருடைய உடைமையாகவும் ஆகிவிடக்கூடாது என்னும் முன்னறிவைக் காட்டுகிறது.

தம் அமைப்பின் பெயரைத் திருத்தவும் அவர் தயங்கவில்லை. 1865ஆம் ஆண்டில் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று தொடங்கியது, 1872ஆம் ஆண்டில் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று. வேதம் என்னும் சொல் நீங்கிச் சுத்தம் என்னும் சொல் வந்து அமர்ந்தது. ஏழாண்டுக்குள் அவர் கடந்துவந்த தொலைவை அந்த ஒரு சொல் மாற்றமே அளந்து காட்டும்.

தம் பாட்டுக்குத் தாமே சாட்சி

1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றி அடிகள் நிகழ்த்திய உரை பேருபதேசம் என்று வழங்கும். கவிதை எழுதுவோர் அனைவரும் உற்று நோக்கவேண்டிய உரை அது. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் ஆகியவற்றில் கருத்தை நிறுத்தவேண்டா என்று அன்பர்களுக்குச் சொன்ன அடிகள், அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. முன்பு தமக்குச் சைவத்தில் இருந்த பற்று அளவிட முடியாததென்றும், அதற்குத் தாம் பாடிய பாடல்களே சான்றென்றும், அக்காலத்தில் தம் அறிவு அந்த அளவில் நின்றதே அதற்குக் காரணமென்றும் வெளிப்படக் கூறினார். மக்கள் தெய்வத்தை அறியாமையால் தம்மைச் சுற்றுகின்றனரே என்று வருந்தியதையும் மறைக்கவில்லை.

உரோமப் பெருங்கவி வெர்சில் தம் காவியம் நிறைவுறாமையால் அதை எரித்துவிட விரும்பினார். பேரரசன் தடுத்துக் காத்தான். செக் நாட்டு எழுத்தாளர் காஃப்கா தம் கையெழுத்துப் படிகளை எரித்துவிடுமாறு நண்பரிடம் வேண்டினார். 1924ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் நண்பர் அவ்வாறு செய்யவில்லை. தம் எழுத்தோடு உடன்பட முடியாத படைப்பாளி அதை அழிக்க நினைப்பது உலக இயல்பு. இராமலிங்கர் தம் பழம் பாடல்களை அழிக்கவும் சொல்லவில்லை. அவற்றுக்காக வாதாடவும் இல்லை. தாம் நடந்துவந்த வழியின் அடையாளங்களாக அவற்றை இருக்கவிட்டு, வழியில் தங்கிவிடவேண்டா என்று மட்டும் எச்சரித்தார். பாடியவரே தம் பாட்டைக் கடந்து நிற்பதற்குப் பெரும் மனவலிமை வேண்டும்.

1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் தைப்பூச நள்ளிரவில் சித்திவளாகத்தின் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். திறக்கவேண்டா என்பது அவர் கட்டளை. அவருக்கு வயது ஐம்பது. பின்னர் அரசு அதிகாரிகளும் வந்து பார்த்தனர். 1878ஆம் ஆண்டில் கார்ஸ்டின் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும் இச்செய்தி இடம்பெற்றது. அன்பர்கள் அவர் ஒளியுடல் பெற்றதாகக் கொள்கின்றனர். சமாதி என்று சுட்ட ஓர் இடமும் இல்லாமல் அவர் மறைந்தார் என்பது எவரும் மறுக்க முடியாதது.

எண்ணியதும் நின்றதும்

அவர் மறைவுக்குப் பின் நிகழ்ந்தவற்றை நோக்கின், விரும்பியது வேறு, நின்றது வேறு என்னும் உண்மை பல இடங்களில் தெரிகிறது. ஐந்தாம் திருமுறை 1880ஆம் ஆண்டிலும் ஆறாம் திருமுறை 1885ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931ஆம் ஆண்டு தொடங்கி 1958ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1972ஆம் ஆண்டில் ஊரன் அடிகள் பாடல்களைக் கால முறைப்படி அமைத்து வெளியிட்டார். பாட்டு நிலைத்தது, நிலைத்தது நன்றே. வேண்டா என்ற சாமிப் பட்டத்தினும் பெரிய பெயர்கள் அவர்மேல் ஏறின. தம்மைச் சுற்றவேண்டா என்றவரின் படம் வீட்டுக்கு வீடு மாலையுடன் தொங்குகிறது.

ஞானசபையில் உருவ வழிபாடு புகுந்தது. 2006ஆம் ஆண்டில் இந்து சமய அறநிலையத்துறை அதை ஆராய்ந்து, வள்ளலார் வகுத்த முறைக்கு அது மாறானது என்று ஆணை பிறப்பித்தது. 2010ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை உறுதி செய்தது. 1872ஆம் ஆண்டு சூலையில் எழுதிய விதிகளே நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் சான்றாக நின்றன. தாம் விட்டுச்செல்வதைப் பற்றித் தெளிவாக எழுதிவைப்பதன் பயன் அங்கே விளங்கிற்று. எழுதிவைத்த பின்னரும் அது காவலின்றி நில்லாது என்பதும் அங்கேயே விளங்கிற்று. 2024ஆம் ஆண்டில் சபையைச் சூழ்ந்த பெருவெளியில் பன்னாட்டு மையம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அன்று நிலம் ஈந்த பார்வதிபுரத்து மக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்து, அதுவும் நீதிமன்றம் சென்றது. வெட்டவெளியாக விட்டுச்சென்ற ஒன்றை வெளியாகவே வைத்திருத்தல் எத்துணை அரிது என்பதை இதனால் உணரலாம்.

பெயர் அவர் கைவிட்டுப் போயிற்று. பாட்டு அவரவர் விரும்பியவாறு பொருள் கொள்ளப்படுகிறது. விளக்குக்காக வழக்காட நேர்ந்தது. அடுப்பைப் பற்றி மட்டும் எவரும் வழக்காடவில்லை. சாலைக்குச் சென்று இலையின் முன் அமர்ந்தவருக்கு அதன் பொருளை விளக்கிச் சொல்ல உரையாசிரியர் எவரும் தேவைப்படவில்லை. அரிசியும் விறகும் நாள்தோறும் வந்தாலன்றி அது எரியாது. நேற்று எரிந்த பெருமை இன்றைய சோற்றை வேக வைக்காது. ஆகவே அது ஒருபோதும் நினைவுச்சின்னம் ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் எவரோ ஒருவர் கைப்பட அது புதிதாகச் செய்யப்பட்டே தீரவேண்டும்.

இராமலிங்கர் தம் மறைவுக்குப் பின் நிற்கத் தேர்ந்தது பிறர் தொடர்ந்து செய்யவேண்டிய ஒரு வேலையே. தமிழ்க் கவிஞர் ஒருவர் தம் வாழ்வை முடிக்கும்போது படிக்கத்தக்க நூலை விட்டுச்செல்வது சிறப்பு. ஊட்டத்தக்க வாய்களை நினைவூட்டிச் செல்வது அதனினும் சிறப்பு. மருதூரில் தொடங்கி மேட்டுக்குப்பத்தில் முடிந்த ஐம்பதாண்டு வாழ்வின் தெளிவு இதுவே. வடலூரில் விடியற்காலையில் உலையேற்றுபவர்களுள் பலருக்குத் திருவருட்பாவில் ஒரு பாட்டும் முழுமையாகத் தெரியாமலிருக்கலாம். அதனால் உலை கொதிக்காமல் இருந்ததில்லை. அடிகள் விரும்பியதும் அதுவாகவே இருந்திருக்கவேண்டும்.